தொட்டிக் கள்ளிக்குச் சூடு எவ்வளவு, குளிர் எவ்வளவு

கள்ளிதானே, பாலைவனத்துச் செடி, எந்த வெயிலையும் தாங்கும் என்று மொட்டை மாடியில் கொண்டுபோய் வைப்பார்கள். மே மாதத்தில் ஒருநாள் தொட்டால் அடி கொழகொழவென்று இருக்கும். உடனே "தண்ணி ஜாஸ்தியாயிடுச்சு" என்று முடிவு கட்டிவிடுவார்கள். தண்ணீர் பாதிக் காரணம்தான். மீதிப் பாதி சூடு. அதிலும் முகத்தில் அடிக்கிற அனல் காற்றைவிட, தொட்டி மண்ணில் ஏறும் சூடும் இரவிலும் இறங்காத புழுக்கமுமே பெரிய எதிரிகள்.

கேக்டஸ் என்று நாம் வாங்கும் உருண்டை, முள்ளுருண்டை வகைகளில் பெரும்பாலானவை மெக்சிகோவின் மேட்டு நிலங்களிலிருந்தும் தென் அமெரிக்க மலைச்சரிவுகளிலிருந்தும் வந்தவை. அங்கே பகலில் 35 டிகிரி கொதித்தாலும், பொழுது சாய்ந்ததும் 20க்குக் கீழே இறங்கிவிடும். அந்த இறக்கத்தை நம்பித்தான் செடி பிழைக்கிறது. மற்ற செடிகள் பகலில் தோல் துளைகளைத் திறந்து மூச்சுவிடும். கள்ளியோ நீர் ஆவியாகிப் போகாமலிருக்கப் பகல் முழுக்க அவற்றை மூடிவைத்து, குளிர்ந்த இரவில்தான் திறக்கும். இரவில் உள்ளிழுத்த கரியமில வாயுவை மாலிக் அமிலமாகச் சேமித்து, மறுநாள் வெளிச்சத்தில் சமைத்துக்கொள்ளும். இரவே 28 டிகிரியாக இருந்தால் துளைகள் சரியாகத் திறப்பதில்லை. சேர்த்த சத்தும் சுவாசத்திலேயே கரைகிறது. செடி வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு பல்லைக் கடித்தபடி உட்கார்ந்திருக்கும். அந்த நேரத்தில் ஊற்றும் தண்ணீரை வேர் இழுக்காது. இழுக்காத தண்ணீர் சூடான மண்ணில் நின்றால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம்.

எனவே மனதில் வைக்க வேண்டிய எண்கள் இவை. இரவு 15 முதல் 22, பகல் 25 முதல் 35 என்றால் நன்றாக வளரும். இரவு வெப்பம் வாரக்கணக்கில் 27ஐத் தாண்டினால் ஓய்வு. தொட்டி மண் 40ஐத் தாண்ட விடக்கூடாது. உடம்பு தாங்கும் சூட்டை வேர் தாங்காது. இரவு 10க்குக் கீழே போனால் தண்ணீரை நிறுத்த வேண்டும்.

வெளிநாட்டுக் கையேடுகளில் "கோடையில் வளரும், குளிர்காலத்தில் ஓய்வெடுக்கும்" என்று போட்டிருப்பதை அப்படியே சென்னையிலோ மதுரையிலோ வேலூரிலோ பின்பற்றினால் செடி போய்விடும். சென்னையில் மே மாதத்து இரவு சராசரியாக 28 டிகிரிக்குப் பக்கம்; ஜனவரி இரவு 21. அதாவது நம் சமவெளியில் ஓய்வுக்காலம் ஏப்ரல் கடைசி முதல் ஜூன் வரை. நல்ல வளர்ச்சிக்காலம் மழை விட்ட டிசம்பரிலிருந்து மார்ச் தொடக்கம் வரை. கோவைக்கும் ஓசூருக்கும் இந்தக் கடுமை இல்லை. அங்கே இரவு இறங்குவதால் கோடையிலும் ஓரளவு வளரும்.

முதலில் அளந்து பாருங்கள்

செல்போனில் காட்டும் வெப்பநிலை ஊருக்கானது. உங்கள் மாடிக்கானது இல்லை. மீன் தொட்டிக்காக விற்கும் சின்ன டிஜிட்டல் வெப்பமானி ஒன்று போதும். ஒயரின் முனையில் சென்சார் இருக்கும். அந்த முனையைத் தொட்டியின் மேற்குப் பக்கச் சுவரை ஒட்டி இரண்டு அங்குல ஆழத்தில் செருகுங்கள். மாலை 3 மணியிலிருந்து 4 மணிக்குள் படித்து எழுதுங்கள். மறுநாள் விடியற்காலை 5:30க்கு இன்னொரு முறை. மூன்று நாள் எழுதினால் உங்கள் மாடியின் குணம் தெரிந்துவிடும். ஏப்ரல் மாதத்தில் வெறும் கான்கிரீட் தரையில், வெயில் நேரே படும்படி வைத்த கருப்பு பிளாஸ்டிக் தொட்டியில் 45ஐத் தாண்டினாலும் ஆச்சரியப்படாதீர்கள். அதே செடியைச் சுண்ணாம்பு அடித்த மண் தொட்டியில், செங்கல் மேல் ஏற்றி வைத்தால் வித்தியாசம் உங்கள் வெப்பமானியிலேயே தெரியும்.

தொட்டியின் சுவர்தான் விஷயம்

நிலத்தில் நிற்கும் கள்ளிக்கு மேல்மண் மட்டுமே சுடும். வேர் கல்லடியிலும் புதர் நிழலிலும் ஒளிந்துகொள்ளும். தொட்டியிலோ பக்கவாட்டு வெயில் சுவரைச் சுட்டு, வேர் அதிகம் சுற்றியிருக்கும் இடத்தையே வேகவைக்கிறது. கருப்பு பிளாஸ்டிக் தொட்டியை மாடிக்குக் கொண்டுபோகவே வேண்டாம். சுடுமண் தொட்டி சுவர் வழியாக ஈரத்தைக் கசியவிட்டுத் தானே குளிரும், பானைத் தண்ணீர் போல. ஆனால் சீக்கிரம் காயும். இரண்டு அங்குலக் குட்டித் தொட்டிகளில் அதுவே தொல்லை. குட்டிச் செடிகளுக்கு வெள்ளை பிளாஸ்டிக் நல்லது.

மண் தொட்டியின் வெளிப்புறத்துக்கு பிப்ரவரி கடைசியில் கிளிஞ்சல் சுண்ணாம்பு ஒரு பூச்சு அடித்துவிடுங்கள். விளிம்புக்கு அரை அங்குலம் கீழேயே நிறுத்துங்கள். உதிர்ந்து மண்ணில் விழுந்தால் காரத்தன்மை கூடும். தொட்டியைத் தரையிலிருந்து குறைந்தது நான்கு அங்குலம் உயர்த்துங்கள். இரண்டு செங்கல் போதும், அடியில் காற்றுப் புக வேண்டும்.

குட்டித் தொட்டிகள் பத்துப் பன்னிரண்டு இருந்தால் அதைவிட நல்ல வழி ஒன்று உண்டு. மீன் கடையில் தூக்கிப் போடும் தெர்மாகோல் பெட்டியை வாங்கிக் கழுவி, அடியில் கட்டைவிரல் அளவில் எட்டுத் துளை போட்டு, சலித்த ஆற்று மணலை நிரப்புங்கள். தொட்டிகளை விளிம்பு வரை மணலில் புதைத்து, விளிம்பு மட்டும் தெரியும்படி விடுங்கள். எந்தச் சுவரிலும் வெயில் படாது. மணலுக்கு வாரம் ஒருமுறை ஓரமாக ஒரு குவளைத் தண்ணீர் விட்டால் மணலே குளிரூட்டியாக வேலை செய்யும். பெட்டியின் துளைகள் அடைபடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். அடைத்தால் அடைமழையில் அது குளமாகிவிடும்.

மேல்பரப்பில் அழகுக்காகப் போடும் கூழாங்கல் கருப்பாக இருந்தால் எடுத்துவிடுங்கள். வெளிர் நிறப் பருமணல் ஒரு சென்டிமீட்டர் போதும். நர்சரிகள் ஏன் கருப்புக் கல்லையே விரும்புகின்றன என்பது புரியாத புதிர்.

கலவை பற்றிச் சுருக்கமாக: 3 முதல் 6 மில்லிமீட்டர் செங்கல் துண்டும் சலித்த பருமணலும் சேர்ந்து மூன்றில் இரண்டு பங்கு, மட்கிய இலையுரமோ மண்புழு உரமோ மூன்றில் ஒரு பங்கு. நர்சரியிலிருந்து வரும் தேங்காய் நார்த்தூள் கலவையில் கோடையில் விடக்கூடாது. அது மேலே காய்ந்து உள்ளே வாரக்கணக்கில் ஈரமாக நிற்கும். ஈரமண் சூட்டைச் சீக்கிரம் உள்ளே கடத்தும்.

இடமும் வலையும்

சிறந்த இடம் கிழக்கு பார்த்த பால்கனி, அல்லது மாடியில் காலை 10:30 வரை நேர் வெயில் விழுந்து அப்புறம் நிழல் படும் கைப்பிடிச் சுவரோரம். மோசமான இடம் மேற்குச் சுவர். பகலெல்லாம் வாங்கிய சூட்டை அது இரவு 11 மணி வரை கக்கிக்கொண்டிருக்கும். ஏசியின் வெளி யூனிட் ஊதும் பக்கத்தில் ஒரு தொட்டியும் வேண்டாம்.

மார்ச் இரண்டாம் வாரத்தில் 50 சதவீத நிழல்வலை கட்டுங்கள். உரக்கடைகளில் மீட்டர் கணக்கில் வெட்டித் தருவார்கள். வலைக்கும் செடிக்கும் இடையே இரண்டு அடி இடைவெளி வேண்டும். செடியின் தலையைத் தொடுகிறமாதிரி கட்டினால் வலைக்குக் கீழே சூடு தேங்கும். மேலே மட்டும் கட்டிவிட்டு நிம்மதியாக இருக்காதீர்கள்: பிற்பகல் 2 முதல் 5 வரை சாய்ந்து வரும் வெயில்தான் கொல்லும். மேற்குப் பக்கத்தில் வலையைத் திரை போலத் தொங்கவிடுங்கள். கத்திரி முடிந்து ஜூன் கடைசியில் கழற்றும்போது ஒரே நாளில் கழற்றாமல், மேகமூட்டமான நாளாகப் பார்த்துத் தொடங்கி, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாக விலக்குங்கள்.

புதிதாக வாங்கிய செடிக்கும் இதே பொறுமை வேண்டும். வடக்கே மேற்கு வங்கத்தில் காலிம்பொங் கள்ளி நர்சரிகளுக்குப் பேர்போன ஊர். சுமார் 1,250 மீட்டர் உயரம். அதுபோன்ற குளிர்ந்த பசுமைக்குடிலில் வளர்ந்த செடியை வாங்கிய அன்றே மாடி வெயிலில் வைத்தால் ஒரே பகலில் வெந்துவிடும். முதல் வாரம் முழு நிழல், இரண்டாம் வாரம் காலை ஒரு மணி நேர வெயில், பிறகு நாளுக்கு அரைமணி கூட்டுங்கள். தொட்டியில் தெற்கு பார்த்த பக்கத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டுவைத்தால், இடம் மாற்றும்போதும் அதே பக்கம் தெற்கைப் பார்க்கும். வெயில் பழகாத முதுகைத் திடீரென்று சூரியனுக்குக் காட்டுவதால்தான் பல செடிகளில் தழும்பு விழுகிறது.

எப்போது, எவ்வளவு தண்ணீர்

மொட்டை மாடித் தண்ணீர் டேங்கிலிருந்து குழாய் வழியே வரும் தண்ணீரைப் பகல் 1 மணிக்குக் கையில் பிடித்துப் பாருங்கள். பிடிக்க முடியாது. அதைச் செடிக்கு ஊற்றுவது வேருக்கு வெந்நீர் ஊற்றுவதுதான். கோடையில் இரவு 7:30க்குப் பிறகு, வாளியில் முன்கூட்டியே பிடித்து நிழலில் ஆறவைத்த தண்ணீரை விடுங்கள். விடியற்காலையும் பரவாயில்லை. ஆனால் காலையில் ஊற்றிய தண்ணீர் முழுதாக வடிவதற்குள் பத்து மணி வெயில் வந்துவிடும். அதனால் இரவுதான் மேல்.

ஈரம் பார்க்கத் தென்னை ஈர்க்கு ஒன்றை அடி வரை செருகிப் பத்து நிமிடம் கழித்து உருவுங்கள். மண் ஒட்டியிருந்தாலோ, கன்னத்தில் வைத்தால் சில்லென்று இருந்தாலோ அன்று தண்ணீர் வேண்டாம். நான்கு அங்குலத் தொட்டி என்றால் டிசம்பர் முதல் பிப்ரவரி வரை பத்து நாளுக்கு ஒருமுறை, அடியில் ஒழுகும்வரை 100 முதல் 120 மில்லி. மார்ச்சிலும் ஏப்ரல் பாதி வரையிலும் ஏறக்குறைய அதேதான். மே மாதத்தில் 15 முதல் 20 நாளுக்கு ஒருமுறை, பாதி அளவு. செடி கொஞ்சம் சுருங்கி வாடும்; வாடட்டும். சுருங்கிய செடி ஜூலையில் இரண்டு தண்ணீரில் நிமிர்ந்துவிடும், அழுகினது நிமிராது. ஒரு அங்குலத்துக்குக் குறைந்த விதைக்கன்றுகளுக்கு மட்டும் இந்தக் கெடுபிடி செல்லாது. அவற்றில் சேமிப்பு கிடையாது. 75 சதவீத நிழலில் வைத்து வாரம் ஒருமுறை நனைக்க வேண்டும்.

அக்டோபர், நவம்பரில் சூடு பிரச்சினை இல்லை, 24 முதல் 30 டிகிரிதான். பிரச்சினை ஓயாத ஈரம். ஒளி புகும் பாலிகார்பனேட் தகடோ தடித்த பாலித்தீன் ஷீட்டோ சாய்வாகக் கட்டலாம். நான்கு பக்கமும் திறந்திருக்கட்டும். மூடிவிட்டால், இரண்டு மழைக்கு நடுவே வெயில் அடிக்கும் அரைநாளில் உள்ளே அடுப்பாகிவிடும்.

பூக்க வேண்டும் என்றால், மார்கழிக் குளிரில் மூன்று வாரம் தண்ணீரை நிறுத்திப் பாருங்கள். மாமில்லேரியா என்ற குட்டி முள்ளுருண்டை வகைக்கு உலர்ந்த மண்ணும் குளிர்ந்த இரவும் சேர்ந்தால்தான் மொட்டு நன்றாக வரும். சென்னையில் அரைகுறையாகப் பூக்கும், ஓசூரில் வளையம் வளையமாகப் பூக்கும்.

எல்லாக் கள்ளியும் ஒன்றல்ல

சமவெளிக்காரர்கள் வாங்கும்போதே தேர்ந்தெடுத்தால் பாதி வேலை மிச்சம். மெலோகேக்டஸ் கரீபியத் தீவுகளையும் பிரேசிலையும் சேர்ந்தது. சூடான இரவு அதற்குச் சொந்த வீடு. 15க்குக் கீழே போனால்தான் நடுங்கும். செரியஸ், பைலோசெரியஸ் போன்ற தூண் வகைகளும் நாகதாளியும் சென்னையில் கவலையில்லாமல் நிற்கும். மெக்சிகோவின் கெரெட்டாரோ பகுதியைச் சேர்ந்த தங்க முள்ளுருண்டை பழகிவிட்டால் முழு வெயிலையும் தாங்கும். ஆண்டிஸ் மலைக்காரியான ரெபூட்டியாவைச் சென்னையில் வாங்குவது காசைக் கரியாக்குவது. ஊட்டிக்காரர்கள் வாங்கட்டும்.

மூன்று பட்டைப் பச்சைத் தண்டின் மேல் சிவப்பு, மஞ்சள் பந்து உட்கார்ந்திருக்குமே, அது ஒட்டுச்செடி. கீழே இருப்பது டிராகன் பழக் கொடி, மேலே பச்சையமே இல்லாத ஜிம்னோகேலிசியம். பந்துக்கு வெயில் ஆகாது, தண்டுக்குக் குளிர் ஆகாது. 75 சதவீத நிழல், 12 டிகிரிக்கு மேல். தெருவில் பிரம்ம கமலம் என்று சொல்லப்படும், இரவில் பூக்கும் எபிஃபில்லம் காட்டு மரங்களில் தொற்றி வாழும் கள்ளி. பாலைவன விதி எதுவும் அதற்குப் பொருந்தாது, மரநிழலும் மிதமான ஈரமும் வேண்டும். நம் ஊர் சதுரக்கள்ளி கேக்டஸே இல்லை, வேறு குடும்பம். அது நம் வெயிலிலேயே பிறந்தது, அதற்கு வலை கட்டத் தேவையில்லை.

ஏசி அறை பற்றி அடிக்கடி கேட்பார்கள். 24 டிகிரி செடிக்கு இதமானதுதான், ஆனால் வெளிச்சம் போதாது. சூடும் இருந்து வெளிச்சமும் குறைந்தால் செடி வெளுத்து, முனை ஊசியாக நீளும். நீண்ட பகுதி பிறகு பருக்காது. அறைக்குள் வைத்தே தீருவேன் என்றால் ஜன்னலிலிருந்து ஒரு அடிக்குள் வையுங்கள், தண்ணீரைப் பாதியாக்குங்கள். மூடிய கண்ணாடியை ஒட்டியும் வைக்காதீர்கள். மேற்கு ஜன்னல் என்றால் கண்ணாடிக்கும் செடிக்கும் நடுவே காற்று அசையாமல் வெந்துபோகும்.

மலையிலும் குளிர்நாட்டிலும்

ஊட்டி, கொடைக்கானலில் கதை தலைகீழ். டிசம்பர் முதல் பிப்ரவரி வரை தெளிந்த வானமுள்ள இரவுகளில் புல்லில் உறைபனி படியும். நவம்பர் நடுவிலேயே தண்ணீரை நிறுத்துங்கள். உலர்ந்த செடியின் சாறு கெட்டியாகி உறைவதைத் தள்ளிப்போடும். நீர் நிறைந்த செடி செத்துவிடும் குளிரிலும், காய்ந்த மாமில்லேரியா ஒரு இரவைச் சமாளித்துவிடும். திறந்த வானம் தெரியாதபடி சன்ஷேடு அடியில், பகல் வெயில் வாங்கிய சுவரை ஒட்டி வைப்பதே பெரிய பாதுகாப்பு. கடுங்குளிர் இரவில் பழைய வேட்டியோ செய்தித்தாளோ போர்த்தி, காலையில் எடுத்துவிடுங்கள். பிளாஸ்டிக் உறை செடியைத் தொட்டால், தொட்ட இடத்திலேயே பனி கடிக்கும். உறைந்த செடியை வெயிலுக்குத் தூக்கி ஓடாதீர்கள். நிழலில் மெல்ல இளகட்டும்.

டொராண்டோ, லண்டன் போன்ற ஊர்களில் இருப்பவர்களுக்கு வேறு தொல்லை. ஜன்னலுக்கு அடியிலேயே ஹீட்டர் இருக்கும். இருண்ட குளிர்காலத்தில் 22 டிகிரி சூடு செடியை நீளவைக்கும். 8 முதல் 12 டிகிரி இருக்கும் சூடேற்றாத அறையோ கண்ணாடி வராந்தாவோ கிடைத்தால் அங்கே நவம்பர் முதல் பிப்ரவரி வரை தண்ணீரே இல்லாமல் விட்டுவிடுங்கள். வெளிநாட்டுக் கையேடு அங்கே சரியாகப் பொருந்தும்.

கெட்டுப்போனால் கண்டுபிடிப்பது எப்படி

வெயிலில் வெந்த இடம் ஒரு பக்கத்தில் மட்டும், பெரும்பாலும் பிற்பகல் வெயில் படும் மேற்கில் இருக்கும். முதலில் மஞ்சள் கலந்த வெள்ளை, பிறகு கெட்டியான பழுப்புத் தக்கை. தொட்டால் கல் மாதிரி இருக்கும். செடி சாகாது, தழும்பு மட்டும் போகாது. அதே பழுப்பு நிறம் உச்சியில் வளர்முனையைச் சுற்றி எல்லாப் பக்கமும் துருப்போலப் படிந்தால், அது வெயில் இல்லை, செஞ்சிலந்திப் பேன். காய்ந்த அனல் காற்றில் வேகமாகப் பெருகும். வெள்ளைத் தாளை அடியில் பிடித்துச் செடியைத் தட்டினால் புள்ளி புள்ளியாக ஊர்வது தெரியும். மாலையில் தண்ணீரைப் பீய்ச்சிக் கழுவி, நனையும் கந்தகத்தை லிட்டருக்கு 2 கிராம் கலந்து தெளிக்கலாம். 32 டிகிரிக்கு மேல் அடிக்கும் நாட்களில் வேண்டாம், கந்தகமே செடியைச் சுட்டுவிடும்.

அழுகல் அடியிலிருந்து வரும். பளபளப்பான ஈரப் பழுப்பு, அழுத்தினால் விரல் உள்ளே போகும். அன்றே தொட்டியிலிருந்து எடுங்கள். பிளேடை ஸ்பிரிட்டில் துடைத்து, மெல்லிய வட்டங்களாக மேல்நோக்கி வெட்டிக்கொண்டே போங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் துடைக்க வேண்டும். நடுவில் இருக்கும் நரம்பு வளையத்தில் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லாமல் வெள்ளையாகத் தெரியும்வரை நிறுத்தாதீர்கள். வெட்டுவாயில் கந்தகத்தூள் பூசி, காற்றோட்டமான நிழலில் தலைகீழாக வையுங்கள். பத்து முதல் பதினைந்து நாளில் வெட்டுவாய் காய்ந்து தோல் கட்டும். பிறகு உலர்ந்த பருமணல் மேல் உட்காரவைத்து, வேர் முளைவிட்ட பிறகே தண்ணீர் காட்டுங்கள். 25 முதல் 30 டிகிரியில் மூன்று நான்கு வாரத்தில் வேர் வரும். மே மாதத்தில் வெட்ட நேர்ந்தால் வேர் வராமல் அப்படியே கிடக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஜூலை இரவுகள் கொஞ்சம் குளிரும்வரை நிழலில் ஓர் அட்டைப்பெட்டியில் கிடக்கட்டும்.